பல்லில் கேட்ட துடிப்பு

"கேக்குதா?" என்றார் டாக்டரம்மா.

தலையாட்டி தலையாட்டினான்.

அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் மனைவியின் வயிற்றில் வழவழவென்று எதையோ தடவி, சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார் டாக்டரம்மா. பக்கத்துப் பெட்டியில் பச்சை விளக்கு மின்னியது. மனைவியின் கண்ணோரம் நனைந்தது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோர் முகத்திலும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அவன் மட்டும் சுவரில் ஒட்டியிருந்த கருப்பைப் படத்தைப் பார்த்துச் சிரித்துவைத்தான்.

தலையாட்டி என்பது பட்டறையில் வைத்த பெயர். மீசை முளைக்கும் முன்பே பாய்லருக்குள் இறங்கினவன் அவன். ஆள் குனிந்து உட்கார மட்டுமே இடமிருக்கிற இரும்பு வயிற்றுக்குள் உட்கார்ந்து, சுவரில் கெட்டிப்பட்ட உப்பைச் சுத்தியலால் தட்டிப் பெயர்ப்பது வேலை. ஒவ்வொரு அடியும் மண்டைக்குள்தான் விழும். வருஷக்கணக்கில் அப்படி வாங்கியதில் காது பாதிக்கு மேல் போய்விட்டது. எதிரே நின்று உரக்கப் பேசினால் உதட்டையும் பார்த்துச் சமாளிப்பான். முதுகுக்குப் பின்னால் பேசினால் சுத்தம். பட்டறையில் எல்லோருமே தொண்டை கிழியக் கத்துகிறவர்கள் என்பதால் எவன் செவிடு, எவன் இல்லை என்று யாருக்கும் தெரியாது. வீட்டிலும் தெரியாது. எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற மாப்பிள்ளை கிடைத்தது மகளின் அதிர்ஷ்டம் என்று மாமியாரே கொஞ்ச நாள் நம்பியிருந்தாள்.

தெருவுக்கு வந்ததும் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "குதிரை ஓடுற மாதிரி இருந்துச்சுல்ல?"

தலையாட்டினான்.

"அம்மாவுக்கு யாரோ கதவைத் தட்டுற மாதிரி இருந்துச்சாம். உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

இதற்குத் தலையாட்ட முடியாது.

"நல்லா இருந்துச்சு."

"நல்லான்னா?"

"புது பேரிங் மாதிரி. சத்தமே இல்லாம."

மனைவி நின்றுவிட்டாள். "சத்தமே இல்லாமயா?"

"மாப்பிள்ளைக்கு எண்ணெய் போட்ட மிஷினா இருந்தாத்தான் பிடிக்கும். நீ நடடி," என்றாள் மாமியார்.

நடந்தாள். ஆனால் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.

காரணம் இருந்தது. முந்தின தடவை அவள் உண்டாகியிருந்தபோதும் இதே மாதிரி ஓர் அறைதான். அப்போது பார்த்த டாக்டர் மூக்கையும் வாயையும் துணியால் மூடியிருந்தார். அவர் ஏதோ சொன்னார். இவன் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அவர் சொன்னது, குழந்தைக்குத் துடிப்பு இல்லை என்று. மனைவி அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டாள். அதைப் பற்றி அவள் இன்றுவரை கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

இந்தத் தடவை அந்தத் துடிப்பைத் தானே கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தான். காதால் முடியாவிட்டால் பல்லால்.

பட்டறையில் அப்படித்தான் கேட்பான். ஓடுகிற மிஷினின் பேரிங்மேல் நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையை வைத்து, மறு முனையைப் பல்லில் கடித்தால், உள்ளே என்ன உரசுகிறது, எது தேய்கிறது என்று தாடை எலும்புக்குத் தெரிந்துவிடும். மறுநாள் அந்தக் கம்பியைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"இது எதுக்கு?" என்றாள் மனைவி.

"பிள்ளையைக் கேக்க."

"பிள்ளை என்ன மோட்டாரா?" என்று சிரித்தாலும் படுத்துக்கொண்டாள். கம்பி வயிற்றில் பட்டதும் குளிர்ந்து, கூசி, இன்னும் சிரித்தாள். வயிறு குலுங்கி, கம்பி வழுக்கி, அவன் பல்லில் இடித்தது.

"இருக்கிறதே நாலு நல்ல பல்லு. அதுவும் போயிடப்போகுது," என்று மாமியார் வந்து பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். கம்பியின் நடுப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து, ஆடாமல் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "ம். இப்போ கடிங்க."

கடித்தான்.

முதலில் இரைச்சல். அப்புறம் எங்கோ ஆழத்தில், விரலால் தகரத்தில் வேகவேகமாகத் தட்டுகிற மாதிரி, டக்டக்டக்டக். தலையாட்டியின் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. குதிரைதான். மனைவி சொன்னது சரி.

அப்போது இன்னொன்று கேட்டது.

மெதுவானது. கனமானது. டொக். டொக். டொக்டொக். அப்புறம் ஒன்றுமில்லை. நின்றே போய்விட்டது என்று அவன் நினைத்த நேரத்தில், யோசித்து யோசித்து, மறுபடியும் ஒரு டொக். காலை இழுத்துக்கொண்டு யாரோ இருட்டில் நடந்து வருவது போல.

கம்பியை வாயிலிருந்து எடுத்தான்.

"என்ன?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. குதிரை," என்றான். "பின்னாடி ஒண்ணு நொண்டிக்கிட்டு வருது."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அன்றைக்கு அடுப்பு பற்றவைக்கவில்லை. மறுநாளே டாக்டரம்மாவிடம் ஓடினார்கள்.

ஆஸ்பத்திரி மேட்டில் இருந்தது. மேடு ஏறினதும் மாமியார் வெளிப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போங்க. எனக்கு வாயு அடைக்குது," என்று முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

டாக்டரம்மா பொறுமைசாலி. இந்தத் தடவை முகத்துணியை இறக்கிவிட்டுப் பேசினார். "வயித்துக்குள்ள நிறைய சத்தம் இருக்கும். குழந்தையோட இதயத் துடிப்பு ஒண்ணு. அம்மாவோட நாடி ஒண்ணு. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் பாயுற இரைச்சல் ஒண்ணு."

"நஞ்சா?" என்றான்.

"பேருதான் அப்படி. குழந்தைக்குச் சாப்பாடு, மூச்சு எல்லாம் அது வழியாத்தான் போகுது."

"நொண்டுறது எதுங்க?"

"எதுவும் நொண்டல. ஸ்கேன் எடுத்துட்டேன். குழந்தை ஒண்ணுதான், நல்லா இருக்கு. பனிக்குட நீர் சரியா இருக்கு. உங்க வீட்டம்மா நாடியும் ஒழுங்கா இருக்கு." கொஞ்சம் யோசித்தார். "பல்லுல கடிச்சீங்கன்னா உங்க சொந்த நாடியே மண்டைக்குள்ள கேட்டிருக்கும். வாங்க, உங்களையும் பாத்துடலாம்."

அவனைப் படுக்கவைத்து நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். பெட்டியிலிருந்து கோடு கோடாகக் காகிதம் வந்தது. டாக்டரம்மா அதை நீளமாக இழுத்துப் பார்த்தார். "கடிகாரம் மாதிரி இருக்கு," என்று அவனிடம் சொல்லிவிட்டு, கை கழுவத் திரும்பிக்கொண்டே, "சட்டையைப் போட்டுக்கலாம்," என்றார்.

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

"சட்டையைப் போட்டுக்கலாம்."

படுத்திருந்தான். டாக்டரம்மா திரும்பினார். அவன் தலைமாட்டுக்கு வந்து, காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கினார். அப்புறம் இன்னொரு காதுக்குப் பக்கத்தில். அவன் இமைகூட அசையவில்லை. மனைவி சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேட்டை விட்டு இறங்கும்போது அவள் அவனுக்கு எதிரே வந்து நின்றாள். "எவ்வளவு நாளா?"

"பாய்லர் வேலையில இருந்து."

"அப்போ, போன தடவை அந்த டாக்டர் சொன்னது?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் தலை ஆடவில்லை.

"அவர் முகத்துல துணி கட்டியிருந்தாரு," என்றான்.

"கேக்காமத்தான் சிரிச்சீங்களா."

"ம்."

மாமியார் தள்ளி நின்று மூச்சு வாங்கினாள். மனைவி கீழே தெரிந்த கூரைகளைப் பார்த்தாள். "உங்களைக் கல்லுன்னு நெனச்சுக் குடும்பம் நடத்திட்டிருக்கேன். செவிடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எவ்வளவு நிம்மதியா இருந்திருப்பேன்."

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் உண்மை வெளியே வந்ததில் புதுத் தொல்லை பிறந்தது. இதுவரை அவன் பேச்சைப் பாதிக்குப் பாதி நம்பிய மனைவி, இப்போது முழுக்க நம்ப ஆரம்பித்தாள். காது போனவன் கம்பியால் கேட்டே இத்தனை வருஷம் மிஷின்களைக் கட்டி மேய்த்திருக்கிறான் என்றால், அந்தக் கம்பி பொய் சொல்லாது. டாக்டரம்மாவின் பெட்டிதான் பொய் சொல்லும்.

"மறுபடி வச்சுப் பாருங்க," என்றாள். மாமியார் கம்பியை நெஞ்சில் அணைத்தாள். குதிரை ஓடியது. பின்னால் அது நொண்டியது.

"எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றாள் மாமியார். "காது நல்லா இருக்கிறவளுக்குக் கேக்காதது செவிடனுக்குக் கேக்குது. நல்ல குடும்பம்."

ஒரு மத்தியானம் மனைவி அசந்து தூங்கும்போது, மாமியாரும் கடைக்குப் போயிருந்த நேரத்தில், தலையாட்டி தானே கம்பியைப் பிடித்து மெல்ல வைத்துப் பார்த்தான். குதிரை மட்டும் ஓடியது. மனைவியின் நாடி ஓரமாகச் சீராக வந்தது. மற்றது இல்லை. போய்விட்டது என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஒளிந்துகொண்டது என்றுதான் தோன்றியது.

மாலையில் மாமியார் பிடித்தபோது அது திரும்பி வந்தது.

அப்புறம் தொட்டில். பழைய சாமான் கடையில் வாங்கிய இரும்புக்குழாய்த் தொட்டில், பெயின்ட் அடித்து மூலையில் நின்றது. அவனுக்கு எப்படித் தோன்றியதோ, "அத்தை, அதுல வைங்க," என்றான். மாமியார் கம்பி முனையைத் தொட்டில் குழாயில் ஊன்றிப் பிடித்தாள். கடித்தான்.

டொக். டொக்டொக். நீண்ட மௌனம். டொக்.

காலித் தொட்டில். உள்ளே ஒரு மடித்த துணியும் ஒரு கிலுகிலுப்பையும்தான்.

அவன் முகத்தைப் பார்த்தே மனைவிக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கே தொட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைக்காரனிடம் போனான். "இதுல முன்னாடி யாரு படுத்திருந்தது?"

கடைக்காரன் அவனை மேலும் கீழும் பார்த்தான். "யாரும் படுக்கல அண்ணே. துணிக்கடை வாசல்ல காட்சிக்கு வச்சிருந்தாங்க. ஒரு பிளாஸ்டிக் பொம்மை கெடந்துச்சு."

ஆறுதலாக இருக்கும் என்று வீட்டில் வந்து சொன்னான். மனைவி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "பொம்மைக்கா துடிக்குது?"

அதற்கப்புறம் அந்த வீட்டில் கம்பி படாத இடமில்லை. கதவு நிலை, ஜன்னல் கம்பி, தண்ணீர் டிரம், கேஸ் சிலிண்டர் என்று மாமியாரும் மருமகனும் அறை அறையாகப் போனார்கள். முன்னால் அவள் கம்பியை அணைத்துக்கொண்டு, பின்னால் அவன் கடித்துக்கொண்டு. தூக்குக் கம்பில் செத்த மாட்டைக் கட்டிச் சுமக்கிறவர்கள் மாதிரி இருந்தார்கள். எங்கே வைத்தாலும் அது இருந்தது. சுவருக்குள் இருந்தது. தண்ணீருக்குள் இருந்தது. ஒரு இடத்தில் நின்று நின்று அடித்தது, இன்னொரு இடத்தில் அவசரப்பட்டு மூன்றாக அடித்தது.

பட்டறை போர்மேனைக் கூட்டிவந்தான். அவரும் கம்பியில் தேர்ந்தவர். போர்மேன் ஒரு கையில் தானே கம்பியைப் பிடித்து, தானே கடித்து, சுவர், டிரம் எல்லாம் கேட்டார். ஒன்றுமில்லை. தலையாட்டியைக் கடிக்கச் சொல்லி அவரே பிடித்தார். அப்போதும் இல்லை.

"ஆள் பாத்துத் துடிக்குதுடா இது," என்று போர்மேன் கம்பியைக் கீழே வைத்தார். கொடுத்த டீயைக் குடிக்காமலே செருப்பை மாட்டிக்கொண்டார். "வீட்டை மாத்து."

வீட்டை மாற்றினார்கள். அதே கட்டடத்தில் மொட்டைமாடியை ஒட்டி ஓர் அறை காலியாக இருந்தது. நல்ல காற்று, நல்ல வெளிச்சம். படிதான் செங்குத்து. நிறைமாசக்காரியைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, பாயும் பானையும் துணி மூட்டையும் மாமியார் சுமந்தாள். தலையாட்டி பீரோவையும் கட்டிலையும் முதுகில் ஏற்றினான். ஒவ்வொரு திருப்பத்திலும் மாமியார் மூட்டையை இறக்கிவைத்து உட்கார்ந்தாள்.

"என்ன அத்தை?"

"இந்தப் படியைக் கட்டினவன் கையை உடைக்கணும். வேற ஒண்ணுமில்ல."

மேலே வந்ததும் வராததுமாக மனைவி சொன்னாள், "வச்சுப் பாருங்க."

மாமியார் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டே கம்பியை அணைத்தாள். தலையாட்டி கடித்தான். கடித்தவன் கண்ணை மூடிக்கொண்டான். கீழே இருந்தபோது அது நொண்டியது. இங்கே விழுந்து விழுந்து எழுந்தது. ஓடியது, தடுக்கியது, கிடந்தது. எழுந்திருக்காது என்று பட்டது. எழுந்தது.

"கூடவே வந்துடுச்சா?" என்றாள் மனைவி.

தலையாட்டினான். இந்தத் தடவை கேட்டுத்தான் தலையாட்டினான்.

அந்த வாரமே ஒரு விடியலில் மனைவிக்கு வலி கண்டது. மூன்று பேரும் படி இறங்கி, மேடு ஏறி ஓடினார்கள். நர்சம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது பொய்வலி. கருப்பை ஒத்திகை பாக்குது. வீட்டுக்குப் போங்க," என்றாள். அவள் குரல் பாய்லருக்குள்ளும் எட்டும்.

"வலியிலுமா பொய்?" என்று மாமியார் மேடு இறங்கி, மறுபடியும் படி ஏறினாள். ஏறி முடித்து அரை நாள் படுத்தே கிடந்தாள். எழுந்தவள் இடது தோளைத் தேய்த்துக்கொண்டே தண்ணீர்க் குடத்துடன் மறுபடியும் கீழே போனாள். தலையாட்டி வேலைக்குப் போயிருந்தான். மனைவி வேண்டாம் என்றாள். "நிறைமாசக்காரி நீ தூக்குவியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள் மாமியார்.

பனிக்குடம் உடைந்தது ஒரு நண்பகலில். இது பொய் இல்லை. கட்டிலும் பாயும் தரையும் நனைந்தன. ஆட்டோ பிடித்தார்கள். மனைவியைப் பிரசவ அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்தாள். முகத்துக்கு நேராக, உதடு தெரிகிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "எதுவா இருந்தாலும், புரியாம மட்டும் சிரிக்காதீங்க."

கதவு மூடிக்கொண்டது. வராந்தாவில் அவனும் மாமியாரும். நடுவில் பெஞ்சின்மேல் கம்பி. மாமியார் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடியிருந்தாள். மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"அத்தை, பயமா இருக்கா?"

"உங்களைக் கட்டிக் குடுத்த அன்னிக்கே என் பயமெல்லாம் தீந்துபோச்சு மாப்பிள்ளை," என்றாள் கண்ணைத் திறக்காமலே.

கதவு திறந்தது. நர்சம்மா வெள்ளைத் துணியில் ஒரு சிவப்புப் பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். அதன் வாய் முகத்தை விடப் பெரிதாகத் திறந்திருந்தது. அழுகிறது என்று பார்த்துத் தெரிந்துகொண்டான்.

"பொண்ணு. தாயும் பிள்ளையும் சுகம். நஞ்சும் முழுசா விழுந்துடுச்சு." அவள் குழந்தையைச் சக்கரம் வைத்த இரும்புத் தொட்டிலில் கிடத்தினாள். "பாத்துக்கங்க. உச்சிக்குழியில மட்டும் அழுத்தக் கூடாது. எலும்பு இன்னும் கூடல."

தலையாட்டி குனிந்தான். குழந்தையின் உச்சந்தலையில், ஈர முடிக்கு அடியில், தோல் மெல்லிசாக ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. விடாமல், தப்பாமல், வேகமாக. கருவியும் இல்லை, கம்பியும் இல்லை. பிள்ளையின் துடிப்பைக் கண்ணாலேயே கேட்டுவிட்டான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நொண்டவில்லை. எங்கேயும் நொண்டவில்லை.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. இத்தனை நாள் துரத்தினது சும்மா விடுமா?

"அத்தை, ஒரே ஒரு தடவை."

மாமியார் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கம்பி முனையைத் தொட்டில் குழாயில் ஊன்றி, நெஞ்சோடு அணைத்தாள். "சீக்கிரம் கேளுங்க மாப்பிள்ளை. கை மரத்துப்போகுது."

கடித்தான்.

டொக். மௌனம். டொக்டொக்டொக். மௌனம். மௌனம். கண்ணெதிரே குழந்தையின் உச்சி அழகாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பல்லிலோ எதுவோ கடைசிப் படியில் நின்றுகொண்டு, ஏறலாமா வேண்டாமா என்று யோசித்தது. டொக்.

"நர்சம்மா," என்றான். கம்பி வாயிலிருந்ததால் பாதிதான் வந்தது. "பிள்ளைக்கு நொண்டுது. நீங்களே கேளுங்க."

"குழந்தையை இப்பத்தான் டாக்டர் பாத்தாங்க. ஒரு குறையும் இல்ல." ஆனாலும் அவன் முகத்தில் எதையோ பார்த்தவள், கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டினாள். குழந்தையின் நெஞ்சில் வைத்தாள், தலையசைத்தாள். அப்புறம் விளையாட்டுக்கு என்பது போலக் கம்பியின்மேலேயே வைத்தாள். தொட்டில் பக்க முனையில் வைத்தவள் புருவத்தைச் சுருக்கினாள். மெல்ல நகர்த்திக் கம்பியின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தாள். அங்கேயே நிறுத்தினாள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது. குழந்தையின் தொட்டிலைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, வராந்தாவைப் பார்த்து, செவிடனுக்கும் தெளிவாகக் கேட்கிற குரலில் கத்தினாள்:

"ஸ்ட்ரெச்சரைக் கொண்டாங்க, ஓடியாங்க. குழந்தைக்கு இல்ல, கம்பியைப் பிடிச்சிட்டிருக்கிற அம்மாவுக்கு."